விசிற்றர் அண்ணையும் பென்வார்த் வீட்டாரும்

லண்டனில் ஒரு குற்றமும் செய்யாமல், ஒருவரும் பிடித்துக்கொண்டு போகாமல், சொந்தக் காலால் நடந்து அதிக தடவை சிறைச்சாலைக்குள் போய்வந்த மனிதர் யார் என்று ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு எங்கள் விசிற்றர் அண்ணைக்குத்தான். இரண்டாம் பரிசும் அவருக்குத்தான். மூன்றாம் பரிசை வேண்டுமானால் அவருடைய மழைக்கோட்டுக்குக் கொடுக்கலாம். அதுவும் அத்தனை தடவையும் அவரோடு போய்வந்தது.

எண்பதுகளின் பின்பாதியில் நான் மனோர் பார்க்கில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேல்மாடியில் இருந்த தமிழர் உதவி நிலையத்தில் தட்டச்சுக்காரி. அந்த நிலையத்தில் மொத்தம் ஒரு சட்டத்தரணி, ஒரு ஹீட்டர், ஒரு டைப்ரைட்டர், நான். இதில் ஒழுங்காக வேலை செய்வது நானும் டைப்ரைட்டரும்தான் என்று சட்டத்தரணி வெளியே போன நேரங்களில் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன். ஊரில் சண்டை. ஓடிவந்து அகதி என்று பதிந்த பெடியன்களில் சிலரை, முடிவு வரும்வரை என்று சொல்லிச் சிறையில் வைத்திருந்தார்கள். அவர்களைப் பார்க்கப் போவதுதான் விசிற்றர் அண்ணையின் முழுநேர வேலை. சம்பளம் தரும் வேலை வேறு இருந்தது. ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விடிய ஐந்து மணி ஷிப்ட். அதை அவர் ஒரு பக்க வேலையாகத்தான் செய்தார்.

அந்தப் பெயர் வந்த கதை சுருக்கமானது. சிறை வாசலில் பார்வையாளர்களுக்குச் சட்டையில் குத்த ஒரு அட்டை கொடுப்பார்கள். 'விசிற்றர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். வெளியே வரும்போது திருப்பிக் கொடுக்கவேண்டும். அண்ணை ஒருநாள் அவசரத்தில் அதோடேயே ஓடிவந்துவிட்டார். ஓடிவந்தவர் நேரே வெம்பிளியில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய், அட்டையோடு மாப்பிள்ளை பெண்ணோடு படமும் எடுத்தார். அந்தக் கல்யாண அல்பத்தில் இன்றைக்கும் அவர் விசிற்றராகத்தான் நிற்கிறார். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். சொன்னால் அவரை அறிந்தவர்களுக்கே அது யாரென்று விளங்காது.

மனிதரால் ஒரு இடத்தில் இருக்கவே முடியாது. எங்கள் அலுவலகத்தில் வந்தவர்களுக்கென்று ஒரு பச்சைக் கதிரை இருந்தது. நாலு வருடத்தில் அவர் அதில் உட்கார்ந்ததில்லை. கோட்டும் கழற்றமாட்டார். ஜன்னலுக்குப் போவார், கதவுக்கு வருவார், என் மேசையில் இருக்கும் பேப்பர் கிளிப்பை எடுத்து நிமிர்த்துவார். அவர் வந்துபோன நாளில் எனக்கு ஒரு டப்பா கிளிப் நட்டம்.

"அண்ணை, ஒருக்கா இருங்கோவன். எனக்குத் தலை சுத்துது."

"இருந்தா கால் மரத்துப்போகும் தங்கச்சி. நீர் அடியும், நான் சொல்லுறன்."

அவர் நடந்துகொண்டே சொல்ல, நான் அடிப்பேன். அவர் கதவுப் பக்கம் போகும்போது சொன்ன சொற்கள் எனக்குக் கேட்காது. அதனால் அந்தக் காலத்துக் கடிதங்களில் பாதி அவருடையது, பாதி என்னுடையது.

சிறைக்குள் போவதற்கு ஒரு படிவம் நிரப்பவேண்டும். கைதி உமக்கு என்ன உறவு என்று அதில் ஒரு கேள்வி. அண்ணை எல்லோருக்கும் 'தாய்மாமன்' என்று எழுதிவிடுவார். பருத்தித்துறைப் பெடியனுக்கும் தாய்மாமன், மட்டக்களப்புப் பெடியனுக்கும் தாய்மாமன். ஒருநாள் வாசல் அதிகாரி கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்களுக்கு இந்தச் சிறையில் மட்டும் இருபத்திமூன்று மருமக்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு எத்தனை சகோதரிகள்?" என்று கேட்டாராம். "ஒரே ஒருத்திதான். நல்ல பலசாலி" என்று சொல்லிவிட்டு அண்ணை உள்ளே போய்விட்டார். உண்மையில் அவருக்குச் சகோதரியே கிடையாது. தாய்க்கு அவர் ஒரே பிள்ளை.

அந்த இருபத்திமூன்று மருமக்களில் ஒருவன் வரதன். மன்னார்ப் பக்கம். வயது இருபத்திரண்டு இருக்கும். மற்றப் பெடியன்கள் உள்ளே கேரம் விளையாடுவார்கள், சாப்பாட்டைத் திட்டுவார்கள், சட்டத்தரணியையும் திட்டுவார்கள். இவன் வாய் திறப்பதில்லை. அண்ணை போனால் மட்டும் இரண்டு சொல் பேசுவான். ஒன்று "ஓம்", மற்றது "தெரியாது". அந்த இரண்டு சொல்லைக் கேட்க அண்ணை கிழமைக்கு மூன்று தரம் போனார்.

போவதும் லேசான காரியமில்லை. பென்வார்த் என்ற பெயரில் இரண்டு சிறைச்சாலைகள் இருந்தன. பழைய பென்வார்த் லண்டனின் வடக்குத் தொங்கலில், கடைசி மூலையில். புதுப் பென்வார்த் தெற்கே மோர்டனில் ரயில் முடிந்து, அதற்குப் பிறகும் பஸ் எடுத்துப் போகவேண்டும். பழையதில் இடம் காணாதென்றால் வரதனைப் புதியதுக்கு ஏற்றுவார்கள், புதியதில் காணாதென்றால் பழையதுக்கு. இரண்டு மாதத்தில் ஏழு தரம் மாற்றினார்கள். அண்ணை வடக்கே போனால் அவன் தெற்கே. தெற்கே ஓடினால் காலையில்தான் வடக்கே கொண்டுபோனார்கள் என்பார்கள். பாதாள ரயிலிலும் மனிதர் உட்காரமாட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரயிலைத் தானே தள்ளிக்கொண்டு போவதுபோல நிற்பார்.

இப்படி ஒருநாள் வடக்கே ஏமாந்து, மழைக்கு ஒதுங்கப் பொது நூலகம் ஒன்றுக்குள் போயிருக்கிறார். அங்கே பிரித்தானியாவின் பேர்பெற்ற குடும்பங்கள் பற்றிய ஒரு தடித்த புத்தகம். நின்றபடியே புரட்டியிருக்கிறார். அடுத்தநாள் எங்கள் மாடிப்படி அதிர்ந்தது.

"தங்கச்சி! உரிமைக்காரரைக் கண்டுபிடிச்சிட்டன்!"

"எதின்ரை உரிமைக்காரர்?"

"ஜெயிலின்ரை. பென்வார்த் குடும்பம். வேல்ஸ் நாட்டு ஆக்கள். பெரிய குடும்பம் பாருங்கோ, ஒரு பிஷப் இருந்திருக்கிறார், ஒரு கப்பல்படைத் தளபதி, பாசியைப் பற்றி ஆராய்ஞ்ச ஒருத்தர். வீட்டு விலாசமும் போட்டிருக்கு."

"அண்ணை, பேர் ஒண்டாயிருந்தா ஜெயில் அவையின்ரை ஆகுமே? அது அரசாங்கத்தின்ரை."

"நடத்திறது அரசாங்கம். பேர் ஆரின்ரை?"

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் அல்லாத வாசகர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊரில் ஒரு மடமோ கிணறோ பள்ளிக்கூடமோ ஒரு குடும்பத்தின் பேரில் இருந்தால், கட்டியவர் செத்து எத்தனை காலமானாலும் அந்தக் குடும்பத்துக்கு அதில் ஒரு பிடி உண்டு. வருடத்தில் ஒருதரம் வந்து, சுவருக்கு ஏன் சுண்ணாம்பு அடிக்கவில்லை என்று சத்தம் போடுவார்கள். கிணற்றில் வாளி இல்லையென்றால் ஊரும் அவர்கள் வீட்டுப் படலையில்தான் போய் நிற்கும். 'அது எவ்வளவோ காலத்துக்கு முந்திய கதை, எங்களுக்கென்ன' என்று சொல்லி அவர்கள் தப்பமுடியாது. அண்ணை வேல்ஸ் நாட்டையும் அப்படியே நினைத்துவிட்டார்.

அன்றைக்கே முதற் கடிதம். "மதிப்புக்குரிய பென்வார்த் குடும்பத்தாருக்கு, தங்கள் பெயர் தாங்கிய இரண்டு சிறைச்சாலைகளின் தற்போதைய நிலைமையைத் தங்களுக்கு அறியத் தருகிறேன்" என்று தொடங்கி, பழையதில் பார்வையாளர் கூடத்துக் கூரை ஒழுகுகிறது, புதியதில் ஹீட்டர் தட்டினால்தான் சூடாகிறது, இரண்டிலும் சோறு அரைவேக்காடு, தாங்கள் நேரில் வந்து பார்ப்பது நல்லது என்று முடிந்தது. நான் வெட்கத்தோடு அடித்தேன். அவர் பெருமையோடு கையெழுத்துப் போட்டார்.

பத்து நாளில் மறுமொழி வந்தது. எழுதியவர் மிஸ் பென்வார்த். எழுபது தாண்டிய தனிக்கட்டை என்று பின்னால் தெரிந்தது. தமக்கும் அந்தச் சிறைச்சாலைகளுக்கும் தாம் அறிந்தவரை ஒரு தொடர்பும் இல்லை என்றும், உரிய அதிகாரிகளுக்கு எழுதும்படியும் மிக மரியாதையாக எழுதியிருந்தார். வேறு யாராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள்.

"பாத்தீரே, மறுமொழி போட்டிட்டா! பொறுப்பில்லாத ஆக்கள் மறுமொழி போடுவினமே?"

அதற்குப் பிறகு மாதம் இரண்டு அறிக்கை போனது. கோயில் மனேச்சர் தர்மகர்த்தாவுக்கு எழுதுவதுபோல, வாசலுக்குப் புதுப் பெயின்ட் அடித்தது, பருப்புக் கொஞ்சம் வெந்திருந்தது, மருமகன் வரதனை மறுபடி தெற்கே மாற்றியது எல்லாம் எழுதினார். மூன்றாவது அறிக்கைக்கு அந்த அம்மா தன் வீட்டுக் கூரையும் ஒழுகுகிறதென்று எழுதினார். ஓட்டில் பாசி பிடித்திருக்கிறதாம். பாசி ஆராய்ந்தவர் அவருடைய பெரியப்பாவாம், அதனால் சுரண்டி எடுக்க மனம் வரவில்லையாம். நாலாவதில், வரதன் என்ற அந்த இளைஞனுக்குக் குளிருமா என்று கேட்டிருந்தார். ஐந்தாவதோடு ஒரு சோடி கம்பளிக் காலுறை வந்தது. எனக்கும் அந்தக் கடிதங்கள் பிடித்துப்போயின. தபால்காரர் வந்தால் அண்ணைக்கு முன்னால் நான்தான் படியிறங்குவேன். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

அப்போதுதான் வரதனைத் திருப்பி அனுப்புவதற்குப் புறப்பாட்டுத் தாள் வந்தது. வருகிற கிழமைக்கு அடுத்த செவ்வாய் விமானம். அதற்கு முந்திய வியாழன் பிணை கேட்டு விசாரணை. பிணை கிடைத்தால் வெளியே இருந்தபடி வழக்காடலாம், வழக்கு முடியும்வரை அனுப்பவும் மாட்டார்கள். கிடைக்காவிட்டால் விமானம். அவன் திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்பதை அந்தக் காலத்தில் ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

"தங்கிறதுக்கு வெம்பிளியிலை ஒரு குடும்பம் இடம் குடுக்குது" என்றார் சட்டத்தரணி. "ஆனா அவையின்ரை வழக்கே முடியேல்லை. பிரிட்டிஷ் பிரஜையா, சொந்த வீடுள்ள ஒரு ஆள் வந்து பொறுப்பு நிக்கவேணும்."

"நான் நிக்கிறன்" என்றார் அண்ணை.

சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் போன வருசம் பொறுப்பு நிண்ட பெடியன் இப்ப எங்கை?"

அண்ணை ஜன்னல் பக்கம் நடந்தார். அந்தப் பெடியன் பிணையில் வந்த மூன்றாம் நாள் ரொறன்ரோவிலிருந்து படத் தபாலட்டை போட்டிருந்தான். நயாகரா நீர்வீழ்ச்சி. "சுகமாக இருக்கிறேன் மாமா" என்று பின்னால் எழுதியிருந்தது. அதன் பிறகு அண்ணையின் பேரைக் கேட்டாலே நடுவர்கள் பேனாவை மூடிவைத்துவிடுவார்கள்.

அந்தக் கிழமை முழுக்க அவர் ஊரெல்லாம் அலைந்தார். ஈஸ்ட் ஹாம், மோர்டன், வெம்பிளி, கோயில் வாசல், மாதா கோயில் வாசல். வீடு வைத்திருந்தவர்களுக்குப் பயம். பயம் இல்லாதவர்களுக்கு வீடு இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் என் மேசைக்கு வந்து நின்றபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஒரு கிளிப்பையும் தொடவில்லை.

"அடியும் தங்கச்சி. மிஸ் பென்வார்த்துக்கு. வந்து பொறுப்பு நிக்கச் சொல்லி."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கென்ன விசரே? அந்த மனுசி பாவமெண்டு சொக்ஸ் பின்னி அனுப்பினது. அதுக்காக வீட்டையும் வந்து அடைவு வைக்கச் சொல்லுறதே? கையைக் குடுத்தாத் தோளைப் பிடிக்கிற ஆக்கள் எண்டு மனுசி எங்களை நினைக்காதோ?"

"நினைச்சா நினைக்கட்டும். நீர் அடியும்."

அடித்தேன். அவர் நடந்து நடந்து சொன்னதில் ஒரு வரி இருந்தது. 'இவன் சிரித்து நான் இன்னும் பார்க்கவில்லை, உங்கள் பேர் போட்ட வாசலுக்கு வெளியே வைத்து ஒருக்கால் பார்க்க ஆசை' என்று. சட்ட விஷயத்துக்கு இது எதற்கு என்று அதை நான் வெட்டிவிட்டேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார். நான் கடிதத்தை உறையில் போட்டு, முத்திரை ஒட்டி, பெட்டியில் போடாமல் என் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஏன் என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்கு நானே கேட்கிறேன். மானம் என்று அன்றைக்குச் சொல்லியிருப்பேன். சட்டத்தரணி எப்படியும் யாரையாவது பிடித்துவிடுவார் என்று நினைத்ததும் உண்மை. ஆனால் அந்த அம்மா மிரண்டுபோய் இனிக் கடிதமே போடாமல் விட்டுவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. அதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

சட்டத்தரணி ஒருவரையும் பிடிக்கவில்லை. புதன்கிழமை நான் லாச்சியைத் திறந்து பார்த்தேன். இனிப் போட்டும் பயனில்லை. போய்ச் சேராது. திரும்பப் பூட்டினேன். அன்று அடித்த எல்லாவற்றிலும் பிழை.

வியாழன் காலை விசாரணை அறை. நடுவர் மேடையில். பக்கத்தில் இரண்டு காவலர்களுக்கு நடுவே வரதன், அந்தக் கம்பளிக் காலுறையோடு. விசிற்றர் அண்ணை பின்சுவரோடு நின்றுகொண்டிருந்தார். எழுதுவினைஞர் அவரை உட்காரச் சொன்னார். அண்ணை "தாங்க் யூ" என்று சொல்லிவிட்டு நின்றார். இரண்டாம் தரம் சொன்னார். "தாங்க் யூ வெரி மச்" என்று நின்றார். கண் மட்டும் கதவிலேயே இருந்தது. அவர் யாரை எதிர்பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். வரப்போவதில்லை என்பதும் எனக்கு மட்டுமே தெரியும்.

"பொறுப்பு நிற்பவர் யார்?" என்று நடுவர் கேட்டார்.

சட்டத்தரணி எழுந்து தொண்டையைச் செருமினார். அப்போது கதவு திறந்தது.

வந்தவர் உயரமான ஒரு கிழவி. தலையில் மழைத் தொப்பி, காலில் சேறு காய்ந்த பூட்ஸ், கையில் ஒரு கூடை, கூடைக்குள் வீட்டு உறுதிப் பத்திரம். விடியற்காலை ரயிலில் வந்திருக்கிறார்.

"உரிமைக்காரி வந்திட்டா!" அண்ணை போட்ட சத்தத்தில் எழுதுவினைஞர் மூன்றாம் தரம் உட்காரச் சொல்லவே மறந்துவிட்டார்.

நடுவர் மிஸ் பென்வார்த்தின் தாள்களைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், மறுபடி தாள்களைப் பார்த்தார். "அம்மா, இந்த இளைஞனுக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு?"

"நான் இவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார் அந்த அம்மா. "அதோ நிற்கும் அந்தக் கனவான் அந்தச் சிறைகள் எங்கள் குடும்பத்துடையவை என்கிறார். அப்படி இல்லை என்று நான் அவருக்கு ஐந்து கடிதம் எழுதிவிட்டேன். அவர் கேட்பதாக இல்லை. எப்படியோ எங்கள் பேர் அந்த வாசலில் இருக்கிறது. இந்தப் பிள்ளையை அதற்குள் வைத்திருக்க எனக்கு விருப்பமில்லை."

பிறகு கூடைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். தட்டச்சு இல்லை. நாலு பக்கம், எல்லாம் பெரிய எழுத்தில், பேனாவால் எழுதியது. நடுவர் வாசித்தார். கடைசிப் பக்கத்தில் நிறுத்தி, தலை நிமிர்த்தி வரதனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது எந்த வரி என்று எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பிணை கிடைத்தது.

வாசலில் ஒரே குழப்பம். வெம்பிளிக் குடும்பம் காரோடு நின்றது. மிஸ் பென்வார்த்துக்கு ரயிலுக்கு நேரமாகிறது. அண்ணை அவருடைய கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுகிறார், கூடைக்காரி பின்னால் நிற்கிறார். அப்போது வரதன் அண்ணையின் கோட்டைக் காட்டி, "மாமா, உங்கடை அட்டை" என்றான். அண்ணை குனிந்து பார்த்தார். விசாரணைக்கு உள்ளே போகும்போது கொடுத்த அட்டை, இங்கேயும் 'விசிற்றர்' என்று பெரிய எழுத்தில், மார்பில் அப்படியே இருந்தது. வரதன் சிரித்தான். முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு. மிஸ் பென்வார்த் அண்ணையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அண்ணை அட்டையைக் கழற்ற மறந்து, அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் போல் அலுவலகத்துக்கு வந்தார். நான் லாச்சியைத் திறந்து கடிதத்தை மேசையில் வைத்தேன். "அண்ணை, நான் இதைப் போடேல்லை."

"தெரியும்."

"எப்பிடி?"

"அண்டைக்கு உம்மடை முகத்தைப் பாத்தன். போடமாட்டீர் எண்டு தெரிஞ்சுது. அதுதான் போற வழியிலை தபால் கந்தோரிலை நிண்டு நானே ஒண்டு எழுதிப் போட்டனான்."

"அப்ப ஏன் என்னட்டைக் கேக்கேல்லை? ஏன் பேசேல்லை?"

"கேட்டா உமக்கு வெக்கமாப் போயிருக்கும் பிள்ளை. பேந்து நீர் என்ரை கடிதம் அடிக்கமாட்டீர். எனக்கு இன்னும் இருபத்திரண்டு மருமக்கள் இருக்கினம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தை மறைக்கத் தேத்தண்ணீர் போடப் போனேன். திரும்பி வந்தபோது விசிற்றர் அண்ணை அந்தப் பச்சைக் கதிரையில் இருந்தார். கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்திருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அட்டை மட்டும் எப்படியோ சட்டைக்கு மாறியிருந்தது. மெல்லக் குறட்டை விட்டார்.

மேசையில் எட்டுக் கடிதங்கள் அவசரமாக அடிக்கக் கிடந்தன. சட்டத்தரணி இரண்டு தரம் கதவால் எட்டிப்பார்த்தார். அந்த டைப்ரைட்டர் சத்தம் கீழே மரக்கறிக் கடைவரை கேட்கும். அதனால் பின்னேரம் அவர் தானாக எழும்பும்வரை நான் ஒரு எழுத்துக்கூட அடிக்கவில்லை.